கப்பல் அண்ணனிடம் எந்த ரெட் ஒயின் வாங்கி வரச் சொல்வது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, டிசம்பரில் ஊருக்கு வருகிறார். வரும்போது ரெட் ஒயின் வாங்கி வரச் சொல்ல வேண்டும். வீட்டில் இதுவரை பழக்கம் கிறிஸ்துமஸுக்கு வாங்கும் இனிப்பு ஒயின் மட்டும்தான். எந்த நாடு, எந்தத் திராட்சை, கொடுத்த காசுக்குத் தகுந்ததாக எதைச் சொல்லலாம்? இங்கேயே கடையில் வாங்குவதென்றால் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் எதை எடுக்கலாம்? நம்ம மீன் குழம்புக்கு அது ஒத்து வருமா?

பெயர்ப் பட்டியல் கேட்பது போல இருந்தாலும், பெயர் தெரியாத ஒருவர் ஏமாறாமல் வாங்குவது எப்படி என்றுதான் தம்பி கேட்கிறார். பயணிகள் கப்பலிலும் பிறகு வளைகுடா நாட்டு ஓட்டல்களிலும் ஒயின் பரிமாறும் வேலையில் நான் வெகுகாலம் இருந்தவன்; அதற்கான படிப்பும் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். இப்போது மண்டபத்தில் குடியிருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் ஆள் பிடிப்பவன் இல்லை. டாக்டரும் இல்லை, அதனால் உடம்பு சம்பந்தமான பேச்சை கடைசியில் இரண்டு வரியோடு முடித்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இனிப்பு ஒயினில் பழகிய நாக்கில் இந்த ரெட் ஒயின்கள் முதல் மடக்கில் பிடிக்காது. இவற்றில் சர்க்கரை அநேகமாக முழுதும் புளித்துச் சாராயமாகிவிட்டிருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, அதாவது 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மஸ்கட் ஹாம்பர்க், மூக்கைத் துளைக்கும் வாசனை உள்ள ரகம். கேபர்னே சாவிஞோன், சிரா போன்ற ரகங்களில் அந்த வாசனையைத் தேட வேண்டாம். அவற்றில் முன்னால் நிற்பது துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அது மாதிரி. தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். தோல் தடித்த ரகங்களில் டானின் அதிகம், கமே, பினோ நுவா மாதிரி மெல்லிய தோல் ரகங்களில் குறைவு. புதிதாகப் பழகுகிறவர்கள் டானின் குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது. நேராகக் கேபர்னேயில் குதித்துவிட்டு 'இதையா காசு கொடுத்துக் குடிக்கிறார்கள்' என்று பாட்டிலை மூடி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து விலை. ஒரு பாட்டிலுக்கு நாம் கொடுக்கும் பணம் எல்லாம் உள்ளே இருக்கும் ஒயினுக்குப் போவதில்லை. கண்ணாடி, கார்க், லேபிள், கப்பல் கூலி எல்லாம் விலை குறைந்த பாட்டிலுக்கும் விலை கூடியதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மிக மலிவான பாட்டிலில் ஒயினின் பங்கு சொற்பம். அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால், அந்தக் கூடுதல் காசில் பெரும்பங்கு ஒயினுக்கே போகும். மேலே மேலே போனால் மறுபடியும் பெயருக்குக் கட்டணம் கட்டத் தொடங்கிவிடுவோம். நான் வாங்குவது எப்போதும் கடையின் கீழ்த்தட்டுக்கு அடுத்த தட்டில்தான்.

இந்தியாவில் இந்தக் கணக்கோடு வரியும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீத இறக்குமதி வரி. அதற்கு மேல் மாநில வரி. ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தபோது, 5 டாலருக்கு மேல் இறக்குமதி விலை உள்ள பாட்டிலுக்கு வரி 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் உள்ளதற்கு 75 சதவீதமாகவும் இறங்கியது. பத்து ஆண்டுகளில் அது இன்னும் படிப்படியாகக் குறைய வேண்டும். கடல் வழியாக ஒயின் வந்து இறங்குவது நம் கரைக்கு ஒன்றும் புதிதில்லை. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதியில் ஒயின் நிரப்பி அனுப்பிய ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அன்றைக்குச் சுங்கம் எவ்வளவு கட்டினார்களோ.

ஆகவே ஆயிரம், ஆயிரத்து ஐநூறுக்குள் இங்கே வாங்குவதென்றால் இந்திய ஒயின்தான் புத்திசாலித்தனம். அதே காசுக்கு வெளிநாட்டு பாட்டில் கிடைத்தாலும் அது அந்த ஊரில் கீழ்த்தட்டுச் சரக்காகத்தான் இருக்கும். இந்திய ஒயினில் முக்கியமான பகுதி நாசிக். அப்புறம் மகாராஷ்டிரத்தின் அக்லூஜ் பக்கம், பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம். நம் நாட்டில் கொடி குளிருக்கு உறங்குவதில்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு தடவை கவாத்து செய்து, மழைக்காலத்தை விலக்கி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். ஷிராஸ், அதாவது முன்னே சொன்ன சிராவேதான், இந்த வெயிலுக்கு நன்றாகவே ஒத்துப் போகிறது. சுலா கம்பெனியின் சாதாரண ஷிராஸ் கேபர்னே கலவை பழகுவதற்குப் பரவாயில்லை. அவர்களுடைய டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ் அதைவிட ஒரு படி மேல். குரோவர் கம்பெனியின் லா ரிசர்வ், கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது, பல ஆண்டுகளாகத் தரம் பெரிதாக ஏறி இறங்காமல் வருகிறது. ஃப்ரடெல்லி கம்பெனியார் அக்லூஜில் இத்தாலியின் சாஞ்ஜோவேசே ரகத்தைப் பயிரிடுகிறார்கள். அதன் புளிப்பு நம் சாப்பாட்டுக்கு நன்றாக ஈடுகொடுக்கும், என் ஓட்டு அதற்குத்தான். சில இந்திய ரெட்களில் கருகிய ரப்பர் வாடை ஒன்று வரும். எல்லாவற்றிலும் இல்லை, வந்தால் கெட்டுப்போனதென்று பயப்பட வேண்டாம், எனக்கு அது பிடிக்காது, அவ்வளவுதான். லேபிளில் ஆண்டைப் பார்த்துக் கிடைப்பதிலேயே புதியதாக எடுங்கள். கோவாவிலிருந்து வரும் 'போர்ட்' என்ற மலிவான இனிப்பு ஒயின் வேறு சமாசாரம். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குப் போர்ட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. இனிப்புத்தான் வேண்டும் என்றால் வாங்கலாம், தப்பில்லை.

இனி அண்ணன் வெளிநாட்டில் வாங்கப் போகும் பாட்டிலுக்கு வருவோம். அங்கே நம் வரி கிடையாது. அதனால் பேரம் பார்க்க வேண்டியது ஊர்ப் பெயரில். பிரான்சின் போர்தோ பகுதியில் 1855-ல் ஒயின் பண்ணைகளுக்கு ஒரு தரவரிசை போட்டார்கள். அதன் உச்சியில் இருந்த நான்கு பண்ணைகளோடு 1973-ல் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது. அதைத் தவிர உச்சி இன்றுவரை அப்படியே இருக்கிறது, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பிரான்சின் பர்கண்டி, இத்தாலியின் பரோலோ, அமெரிக்காவின் நாபா எல்லாமே இந்த மாதிரிதான். மோசம் என்று சொல்லவில்லை, அந்தப் பெயர்களில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பெயர் மட்டும்தான். பேர்போன ஊருக்குப் பக்கத்து ஊர், வாயில் நுழையாத பெயருள்ள திராட்சை, பேச்சில் அதிகம் அடிபடாத நாடு, இந்த மூன்றில்தான் காசுக்கேற்ற சரக்கு இருக்கிறது.

ஒரே நாட்டைச் சொல்லச் சொன்னால் ஸ்பெயினைச் சொல்வேன். ரியோஹா என்ற பகுதி, டெம்ப்ரனில்லோ என்ற திராட்சை. அங்கே பீப்பாயில் வைத்துப் பழக்குவதற்குச் சட்டக் கணக்கு உண்டு. கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். ரெசெர்வா மூன்று ஆண்டு, அதிலும் ஓராண்டு பீப்பாயில். கிரான் ரெசெர்வா ஐந்து ஆண்டு, அதில் இரண்டு ஆண்டு பீப்பாயில். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் சின்ன முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். இளம் ஒயினுக்குப் பச்சை, கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர் சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். ஸ்பானிஷ் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும் அல்லவா. சிவப்புச் சீட்டு கிரியான்சாதான் விலைக்கும் சுவைக்கும் சரியான இடம். இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்துப் பழக்கும் வேலையைப் பண்ணைக்காரர் செய்து முடித்துத் தந்துவிடுகிறார், நாம் திறந்து ஊற்றினால் போதும். இதே 'ரிசர்வ்' என்ற சொல் ஆஸ்திரேலிய லேபிளிலோ இந்திய லேபிளிலோ இருந்தால் இப்படியான சட்டக் கணக்கு எதுவும் பின்னால் இல்லை. அது கம்பெனி வைத்துக்கொண்ட பெயர்.

ஸ்பெயினில் இன்னும் மலிவு வேண்டுமென்றால் கார்னாச்சா என்ற திராட்சை, கலதாயூத், காம்போ தே போர்ஹா என்ற பகுதிகள். மழை குறைந்த மேட்டு நிலம், வயதான குட்டைக் கொடிகள், கொஞ்சமாகக் காய்த்தாலும் சாறு திண்மையாக இருக்கும். டானின் குறைவு, பழச்சுவை அதிகம், அதனால் இனிப்பு ஒயினிலிருந்து வருபவருக்கு நல்ல முதல் படி. சாராயம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், லேபிளில் சதவீதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹுமில்லா பக்கத்து மொனாஸ்த்ரெல் இதைவிடக் கறுப்பு, கனம். அது பழகிய பிறகு.

போர்ச்சுகல் ஒயின்களை உலகம் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்பது என் கருத்து. அங்கத்துத் திராட்சை ஒன்றின் பெயரைத் தோரிகா நாசியோனால் என்று கடையில் நின்று கேட்க யாருக்கும் வாய் வராது, அதனாலேயே விலை குறைவாக இருக்கிறது போலும். டோரோவில் போர்ட் ஒயினுக்குப் பயிரிடும் அதே திராட்சைகளில் சாதாரண ரெட்டும் செய்கிறார்கள். அலன்தேஜோ என்று போட்டிருந்தால் இன்னும் மென்மை. அங்கே அரகோனேஷ் என்பதும் டோரோவில் டின்டா ரோரிஸ் என்பதும் ஸ்பெயினின் டெம்ப்ரனில்லோவேதான்.

இத்தாலியில் பரோலோ விளையும் அதே குன்றுகள் உள்ள பியத்மாந்த் பகுதியில் பார்பேரா என்று ஒரு திராட்சை இருக்கிறது. பரோலோவின் நெப்பியோலோவுக்கு நல்ல சரிவுகளைக் கொடுத்துவிட்டு மீதி இடத்தில் நட்டது இது. அந்த ஊர்க்காரர்கள் தினம் சாப்பாட்டோடு குடிப்பது இதைத்தான். துவர்ப்பு மிகக் குறைவு, புளிப்பு நிறைய. லேபிளில் பார்பேரா தாஸ்தி என்று இருக்கும். புளி சேர்த்த குழம்போடு தட்டையாகிப் போகாமல் நிற்கிற ரெட் ஒயின்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. இன்னொன்று மொன்தேபுல்ச்சானோ தாப்ரூஸோ. இதில் ஒரு குழப்பம் உண்டு: இங்கே மொன்தேபுல்ச்சானோ என்பது திராட்சையின் பெயர். 'வினோ நோபிலே தி மொன்தேபுல்ச்சானோ' என்று இருந்தால் அது தஸ்கனியில் உள்ள ஊரின் பெயர், அதில் இருப்பது சாஞ்ஜோவேசே, விலையும் கூட. மலிவும் நல்லதும் வேண்டுமென்றால் அப்ரூஸோ. சிசிலியின் நேரோ தாவோலாவும் தைரியமாக வாங்கலாம்.

பிரான்சை விட்டுவிட வேண்டியதில்லை. கோத் து ரோன் என்று போட்ட ரெட்டில் பெரும்பாலும் கிரெனாஷ் இருக்கும். அது ஸ்பெயினின் கார்னாச்சாவேதான். லாங்தோக் பகுதியின் கோர்பியேர், மினெர்வுவா இரண்டும் காசுக்குத் தகுந்தவை. நம் வெயிலுக்கு என்று பார்த்தால் போஜொலே. கமே என்ற திராட்சை, குளிர வைத்துக் குடிக்கலாம், துவர்ப்பே தெரியாது. 1395-ல் பர்கண்டிப் பிரபு ஒருவர் 'இது மட்டமான திராட்சை, பிடுங்கி எறியுங்கள்' என்று ஆணை போட்டார். அது தெற்கே நகர்ந்து போஜொலேயில் வேர் பிடித்தது. சும்மா போஜொலே என்பதைவிடப் போஜொலே வில்லாஜ் என்று இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்.

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவின் மால்பெக். தாய்வீடு பிரான்ஸ். ஆண்டிஸ் மலை அடிவாரத்து மெண்டோசாவில், பகலில் கொளுத்தும் வெயிலும் இரவில் குளிருமாக அது தாய்வீட்டை விட நன்றாக வாழ்கிறது. சிலியில் கார்மெனேர் என்று ஒன்று. அதை நூற்றாண்டுக்கும் மேலாக மெர்லோ என்ற வேறொரு திராட்சை என்றே நினைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 1994-ல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர் கொடியைப் பார்த்துவிட்டு இது மெர்லோ இல்லை என்றார். அதில் பச்சைக் குடமிளகாய் வாசனை தூக்கலாக வரும், பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். சிலியின் கேபர்னே விலைக்கு நல்லது. ஆஸ்திரேலிய ஷிராஸ் எல்லா விமான நிலையக் கடையிலும் இருக்கும், அதனால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மீன் குழம்புக்கு வருவோம். ரெட் ஒயினோடு மீன் சாப்பிட்டால் வாயில் இரும்பு வாடையும் கவிச்சியும் சில சமயம் வரும். இது மனப்பிரமை இல்லை. 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காய்ந்த ஸ்காலப் சிப்பியோடு பல ஒயின்களைச் சுவைத்துப் பார்த்து, ஒயினில் உள்ள இரும்புச் சத்துக்கும் இந்தக் கவிச்சிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். எந்த பாட்டிலில் இரும்பு எவ்வளவு என்று லேபிளில் இருக்காது, குடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கருவாட்டோடும் சூடை, சாளை மாதிரி எண்ணெய் மீனோடும் ரெட் வேண்டவே வேண்டாம். சீலா வறுவல், கணவாய் ரோஸ்ட், இறால் தொக்கு என்றால் குளிர்ந்த போஜொலேயோ பார்பேராவோ சமாளிக்கும். நம் முண்டு வத்தல் காரம் இன்னொரு சங்கதி. சாராயமும் டானினும் காரத்தை நாக்கில் இன்னும் ஏற்றிவிடும். பதினாலரை சதவீத ஷிராஸைக் காரக் குழம்போடு குடித்தால் வாயெல்லாம் எரியும். 13 சதவீதத்துக்குள் பாருங்கள். மால்பெக், ரியோஹா, ஷிராஸ் எல்லாம் ஆட்டுக்கறிக்கு, அதிலும் சுக்கா வறுவலுக்கு.

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் அறை, 16, 18 டிகிரி. நம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே முப்பதைத் தாண்டும். அந்தச் சூட்டில் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும், பழ வாசனை வராது. அரை மணி, முக்கால் மணி ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். போஜொலே என்றால் இன்னும் கொஞ்ச நேரம். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜிலேயே வைத்தால் மூன்று நாள் தாங்கும். வெளியே வைத்தால் மறுநாளே முகம் சுளிக்க வைக்கும். கடையில் வாங்கும்போது வெயில் படும் ஜன்னலோரத்தில் நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ, கழுத்து உறையைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தாலோ சூட்டில் ஒயின் பொங்கிக் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். திருகு மூடியை இளக்காரமாக நினைக்க வேண்டாம், இந்த விலையில் அது கார்க்கை விட நம்பகமானது. வாங்குவதானால் மதுரை போன்ற பெரிய ஊரில் குளிர்சாதன வசதியுள்ள எலைட் கடையாகப் பாருங்கள். மே மாத மத்தியானம் பஸ்ஸில் மடியில் வைத்து இராமநாதபுரம் வராமல் சாயங்கால வண்டி பிடியுங்கள். காரைக்காலில் மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். அதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம்.

உறுதியில்லாத சில விஷயங்களும் உலவுகின்றன. ஒயின் பழசாகப் பழசாக நல்லது என்பார்கள். மிகச் சில ஒயின்களுக்குத்தான் அது பொருந்தும், நாம் பேசுகிற விலையில் வாங்கிய ஆண்டே குடிப்பது நல்லது. பாட்டிலின் கனம், அடிக்குழியின் ஆழம் இவற்றுக்கும் தரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. திறந்து காற்றாட வைத்தால் சுவை கூடுமா என்பதில் என்னைப் போன்றவர்களே ஒத்துப்போவதில்லை. இளமையான, துவர்ப்பு மிகுந்த ஒயினுக்குக் கொஞ்சம் உதவுகிறது என்பது என் அனுபவம், மலிவான மென்மையான ஒயினுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

சரி, அண்ணனிடம் சொல்ல வேண்டியது. இந்தியா வரும் பயணி ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. இரண்டையும் ஒரே ரகமாக வாங்க வேண்டாம். ஒன்று ரியோஹா கிரியான்சா, பின்பக்கச் சிவப்புச் சீட்டு பார்த்து, கிறிஸ்துமஸ் கறிக்கு. இன்னொன்று பார்பேரா தாஸ்தி, அது இல்லையென்றால் போஜொலே வில்லாஜ், வறுத்த மீனுக்கும் வீட்டில் முதல் தடவை குடிப்பவர்களுக்கும். பெயரைக் காகிதத்தில் எழுதாமல் லேபிள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கடையில் காட்டி எடுக்க வசதி. துறைமுகத்து ஊரில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போக நேரமிருந்தால் அங்கேதான் வாங்கச் சொல்லுங்கள். விமான நிலையக் கடையில் விஸ்கி வேண்டுமானால் லாபமாக இருக்கலாம், ஒயின் அநேகமாக இருக்காது. சென்னையில் இறங்கி மதுரைக்கு விமானம் மாறுவதாக இருந்தால் கைப்பையில் வைத்திருந்தால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். செக்-இன் பெட்டியில், நடுவில், ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியாக இரண்டு கைலியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். வந்ததும் திறக்காமல் இரண்டு நாள் குளிர்ந்த இடத்தில் கிடக்கட்டும்.